வாளித் தண்ணீர் போதும், துணிதான் நிறைய வேண்டும்

சைக்கிள் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

சைக்கிளை வீட்டிலேயே சுத்தம் செய்து பாலிஷ் போடுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அண்ணன் ஓட்டிய சைக்கிள் இரண்டு வருடமாக மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. ஒட்டடை, புழுதி, செயின் முழுக்கக் கருப்புப் பிசுக்கு. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான். கடைக்குக் கொண்டுபோகாமல் நானே சுத்தம் செய்து பளபளப்பாக்க முடியுமா? எதில் ஆரம்பிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி, ஈரோடு

முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்தவுடன் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் தண்ணீரே வேண்டாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. மண்ணெண்ணெய் 100 மில்லி. கிடைக்காவிட்டால் பெயின்ட் கடையில் டர்பன்டைன் கேளுங்கள். தின்னர் தந்தால் வாங்காதீர்கள், அது பெயின்ட்டையே கரைத்துவிடும். பெட்ரோல் கூடவே கூடாது, அதன் ஆவி எங்கோ இருக்கிற நெருப்பையும் தேடிப் பிடிக்கும். கார் ஷாம்பு சின்ன பாட்டில், கார் வேக்ஸ் பாலிஷ் சின்ன டப்பா, புதிய இன்ஜின் ஆயில் (20டபிள்யூ-40) கொஞ்சம், ஹார்டுவேர் கடையில் பனியன் வேஸ்ட் துணி கால் கிலோ, மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு ஒன்று. ஊசி வேண்டாம். பழைய டூத் பிரஷ் இரண்டும், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்றும், நைந்த பருத்தி வேட்டித் துண்டும் வீட்டிலேயே இருக்கும்.

முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் புழுதியையும் ஒட்டடையையும் தட்டி உதறுங்கள். புழுதியில் இருப்பது மணல். அது பெயின்ட்டைவிடக் கடினமானது. ஈரத்துணியை வைத்து அப்படியே தேய்த்தால் வெயிலில் பார்க்கும்போது வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அந்தக் கீறலைப் பிறகு எந்தப் பாலிஷும் முழுதாக மறைக்காது.

அடுத்தது செயின். உடம்பைக் கழுவிவிட்டுச் செயினுக்கு வந்தால் கருப்புத் தெறித்து மறுபடி கழுவ வேண்டிவரும். அதனால் செயின்தான் முதலில். செயின் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கீழே பழைய செய்தித்தாள் விரியுங்கள். மண்ணெண்ணெயை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி, டூத் பிரஷ்ஷைத் தொட்டுத் தொட்டுச் செயினின் மேல், கீழ், இரண்டு பக்கவாட்டு என நான்கு முகத்தையும் தேயுங்கள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் செயின் நகர்ந்து கொடுக்கும். செயினை நேராக மண்ணெண்ணெயில் குளிப்பாட்டாதீர்கள். வழிகிற மண்ணெண்ணெய் ஃப்ரீவீலுக்குள்ளும் (பின்சக்கரத்தின் பல்சக்கரம்), சக்கர நடுவில் இருக்கிற பின் ஹப்பின் பால்ரஸுக்குள்ளும் இறங்கி, உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வெளியே சுத்தம், உள்ளே வறட்சி என்றாகிவிடும்.

செயின் வீல் பற்களின் இடையில் கல் மாதிரி இறுகிப்போன பிசுக்கை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுங்கள். ஃப்ரீவீலுக்கும் ஸ்போக் கம்பிக்கும் நடுவில் கை போகாது. அங்கே துணியை நாடாவாகக் கிழித்து உள்ளே விட்டு, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். பிறகு காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றுங்கள். துணியில் கருப்பு வருவது குறையும்வரை துணியை மாற்றுங்கள். எண்ணெய் இப்போது வேண்டாம், கடைசியில்தான். அழுக்குத் துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயப்போட்டு அப்புறப்படுத்துங்கள். மிச்ச மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

இப்போதுதான் தண்ணீர். நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் சோப்பு நீர் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். ஒரு வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். ஷாம்பு வாளியில் நனைத்துத் தேய்த்த துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். ஹேண்டில், சீட், ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு என மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரங்கள் கடைசி, அவற்றுக்குத் தனித் துணி. துணி துவைக்கும் பவுடரில் இருக்கிற காரம் அலுமினியத்தை மங்கவைக்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடர் கீறும். இரண்டும் வேண்டாம்.

மட்கார்டின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. துரு பிறக்கிற இடமே அதுதான். டயர் வாரியடித்த சேறு அங்கே அடையாக ஒட்டி, ஒவ்வொரு மழையிலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. சைக்கிளை ஒரு சாண் உயரம் தூக்கி இரண்டு சக்கரமும் தரையில் படும்படி மெதுவாக இரண்டு மூன்று முறை போட்டால் இடுக்கில் இருக்கிற தண்ணீர் உதிர்ந்துவிடும். பிறகு துணி. ஸ்போக் கம்பி ரிம்மில் சேருகிற நிப்பிள், பிரேக் போல்ட், கேரியர் மூலை, ஸ்டாண்டு ஸ்பிரிங் என விரல் போகிற இடமெல்லாம் துடைக்க வேண்டும். சீட் பைப் நிற்கிற உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே உருவுங்கள். சைக்கிளை ஒரு நிமிடம் தலைகீழாகப் பிடியுங்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அரை நாள் அப்படியே காயவிட்டு, சீட் பைப்பில் லேசாகக் கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள்.

பாலிஷுக்கு அரை டீஸ்பூன் வேக்ஸ் முழு ஃபிரேமுக்கும் தாராளம். ஈரமில்லாத துணியில் எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். பத்து நிமிடத்தில் புகை படிந்த மாதிரி மங்கும். அப்போது வேட்டித் துண்டால் துடைத்தால் பளபளப்பு வரும். தடித்துப் பூசினால் பளபளப்பு அதிகமாகாது, மூலைகளில் வெள்ளையாகப் போய் அடைந்துகொள்ளும். ரிம்மில் பிரேக் கட்டை படுகிற பட்டையில் மட்டும் வேக்ஸ் படவே கூடாது.

கடைசியாக எண்ணெய். சாதாரணச் செயினில் சுமார் 110 ரோலர் (கணுக்களில் சுழலும் சின்ன உருளை) இருக்கும். சிரிஞ்சால் ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் விட்டால் 5 மில்லியில் முடிந்துவிடும். பெடலை இருபது சுற்றுச் சுற்றி, பத்து நிமிடம் விட்டு, செயினின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை ரோலருக்கு உள்ளேதான். வெளியே நிற்பது புழுதியைப் பிடிக்க மட்டுமே உதவும். பிரேக் லீவர் திரும்புகிற இடம், ஸ்டாண்டு, ஃப்ரீவீலின் இடுக்கு, ஹப்பில் ஆயில் ஓட்டை இருந்தால் அது, இவற்றுக்கும் இரண்டிரண்டு சொட்டு.

இரண்டு வருடம் காற்றில்லாமல் நின்ற டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புக்குள் நூல் தெரிந்தால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த டயரில் ஏறக்கூடாது. செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் அசைய வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பின் நட்டைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்குங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து வீடு பக்கம். சைக்கிள் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் ஹேண்டில்பாரிலும் ரிம்மிலும் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் துரு. கம்பி நாரால் தேய்த்தேன், போனது. இரண்டே வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகர், தூத்துக்குடி

கம்பி நார்தான் காரணம். ஹேண்டில்பார் இரும்பு. அதன் மேல் நிக்கல் பூச்சு, அதற்கும் மேல் மிக மெல்லிய குரோமியம் பூச்சு. குரோமியம் துருப்பிடிக்காது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பு ஈரம் அவற்றின் வழியே இரும்பைத் தொடுகிறது, அந்தத் துரு மேலே கசிந்து புள்ளியாகத் தெரிகிறது. கம்பி நார் புள்ளியைத் துடைத்தது உண்மை. கூடவே குரோமியத்தில் ஆயிரம் கீறல் போட்டு, நாரின் இரும்புத் துகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து துருப்பிடிக்கிறது.

சாப்பாடு பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளை உள்ளங்கையளவு கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துரு மேல் மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது, கீறாது. சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வரும், அதைத் துடைத்துத் துடைத்துத் தாளை மாற்றுங்கள். புள்ளி போனதும் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து அன்றைக்கே வேக்ஸ் பூசுங்கள். துளைகளை அடைப்பது வேக்ஸ்தான். அதைத் தள்ளிப்போட்டால் தேய்த்தது வீண். பூச்சே செதில் செதிலாக உரிந்து நிற்கிற இடத்தில் இந்த வைத்தியம் நிலைக்காது. அங்கே எமரி தாளால் துருவை எடுத்து அலுமினிய நிறப் பெயின்ட் அடிக்கலாம், அல்லது ஹேண்டில்பாரையே மாற்றிவிடலாம்.

கடற்கரை ஊர்களில் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். உப்பு, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் வண்டி ஈரத்தில் நிற்கிற கணக்குதான். வேக்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஸ்போக் நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் அரைச் சொட்டு எண்ணெய் விடுங்கள். நிப்பிள் துருவில் இறுகிவிட்டால் பிறகு சக்கரத்தின் கோட்டம் எடுக்கப் போகும்போது கம்பி முறியும்.

பல கடிதங்களில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் பாட்டில் இருக்கிறதா? மூடி சரியாக இல்லாவிட்டால் அதன் ஆவியே போதும், பக்கத்தில் நிற்கிற இரும்பெல்லாம் சிவந்துவிடும்.

கேள்வி: துருப்பிடித்த நட்டு போல்ட்டை வினிகரில் ஊறவைக்கலாம் என்கிறார்கள். செயினையும் சேர்த்துப் போடலாமா?
— வாசகர், நாமக்கல்

மட்கார்டு, கேரியர் நட்டு போல்ட்டுகளைப் போடலாம். ஒரு இரவு ஊறியபின் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து அதில் அலசுங்கள். புளிப்பு மிச்சம் இருந்தால் அரை மணியில் மறுபடி சிவக்கும். துடைத்து உடனே எண்ணெய் தடவுங்கள்.

செயினைப் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் ஏறி அது நொறுங்கும் தன்மைக்கு வரும். பார்க்கப் புதுசாக இருக்கும், மேட்டில் மிதிக்கும்போது அறுந்துபோகும். துரு ஏறிய செயினை மண்ணெண்ணெயில் தேய்த்துப் பாருங்கள். கணுக்கள் மடங்காமல் விறைத்தே நின்றால் புதுச் செயின் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சைக்கிளைக் கழுவி, டயருக்குக்கூட பாலிஷ் போட்டேன். அன்றிலிருந்து பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது, வண்டியும் சட்டென்று நிற்பதில்லை. பிரேக் கட்டையை மாற்ற வேண்டுமா?
— வாசகி, கும்பகோணம்

கட்டை மேல் பழி போட வேண்டாம். டயர் பாலிஷ் ரிம்மில் பட்டிருக்கிறது. அதில் இருப்பது சிலிக்கோன். ஒரு விரல் தடம் பட்டால்கூடப் பிரேக் வழுக்கும். சரிசெய்யும்வரை இந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் போர்டு துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விற்பார்கள். வெள்ளைத் துணியில் நனைத்து ரிம்மின் இரண்டு பக்கப் பட்டையையும் துடையுங்கள். துணி கருப்பாக வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கை கழுவுகிற சானிடைசர் ஜெல்லை வைத்துத் துடைத்துவிடாதீர்கள். அதில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது இன்னொரு வழுக்கல். பிரேக் கட்டையைக் கழற்றி 120 நம்பர் உப்புத்தாளைத் தரையில் வைத்து அதன் மேல் பத்துத் தடவை இழுங்கள். மேலே இருக்கிற மினுமினுப்பு போய்க் கருப்பு மங்கலாகத் தெரிய வேண்டும். கட்டையில் மின்னுகிற உலோகத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். ரிம்மைச் சுரண்டுவது அவைதான்.

அதற்குப் பிறகும் கத்தினால், கட்டையின் முன்நுனி பின்நுனியைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி சாய்த்து இறுக்குங்கள். பழைய போஸ்ட்கார்டை இரண்டாக மடித்துப் பின்நுனியில் செருகி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே நட்டை முறுக்கினால் அந்தச் சாய்வு கிடைக்கும். எண்ணெய் குடித்து உப்பிய கட்டை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

டயருக்குச் சோப்பு நீர் போதும். கட்டாயம் கருகருவென்று வேண்டுமென்றால் துணியில் தொட்டுப் பக்கச்சுவரில் மட்டும் தடவுங்கள், தரையில் படுகிற பட்டன் பகுதியில் பட்டால் வளைவில் வழுக்கும். ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம்.

கேள்வி: பைக்குக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற கடையில் சைக்கிளையும் கொடுக்கலாமா? ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

கொடுக்காதீர்கள். அந்த பம்ப்பின் வேகம் சைக்கிளின் பால்ரஸ் கப்புகளுக்குத் தாங்காது. பைக்கின் பேரிங்குகளில் ரப்பர் சீல் இருக்கும். சாதாரண சைக்கிளின் ஹப், பெடல், பெடல் தண்டின் அச்சு சுழலும் பி.பி. கப், ஹேண்டில் கப் எல்லாவற்றிலும் ஒரு தகட்டு மூடிதான், இடுக்கு திறந்தே கிடக்கும். தண்ணீர் கிரீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும். ஒரு மாதம் கழித்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கரகரவென்று கேட்கும். ஐந்து நிமிட வேலைக்கு, முழுதாகப் பிரித்து மாட்டுகிற ஓவராயில் செலவு வைத்துவிடும்.

கேள்வி: செயினுக்கு எப்போதும் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறோம். மகன் அது தப்பு என்கிறான். தையல் மெஷின் எண்ணெய், விளக்கெண்ணெய், மெக்கானிக் கடையில் சும்மா தருகிற பழைய இன்ஜின் ஆயில், இதில் எது சரி?
— இல்லத்தரசி, மதுரை

மகன் சொல்வது சரி அம்மா. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழி விடியற்காலையில் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். பல் மோதி அழுந்துகிற இடத்தில் அது நிற்காது, புழுதியோடு சேர்ந்து பசையாகும், ஒரு மழைக்குப் போய்விடும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இன்னும் மோசம். காற்றுப் பட்டு பிசினாக இறுகிவிடும். விளக்கெண்ணெய்க்கு வழுவழுப்பு உண்டு, அந்தக் காலத்து வண்டி மையே வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்ததுதான். ஆனால் மரச்சக்கரத்தின் இரும்பு அச்சுக்கு ஏற்றது அது. சைக்கிள் செயினின் நுண்ணிய இடுக்குக்குள் அவ்வளவு கெட்டியான எண்ணெய் இறங்காது.

தையல் மெஷின் எண்ணெய் சுத்தமானது, பிரேக் லீவருக்கும் ஃப்ரீவீலுக்கும் நல்லது. செயினுக்குச் சீக்கிரம் வறண்டுவிடும், வாரம் ஒருமுறை விட்டால் பாதகமில்லை. பழைய இன்ஜின் ஆயிலை மட்டும் விடாதீர்கள். அதில் இருக்கிற உலோகத் தூளும் கரியும் செயினை உள்ளிருந்து அராவும். புதிய இன்ஜின் ஆயில் 50 மில்லி இருந்தால் வீட்டுச் சைக்கிளுக்குப் பல மாதம் வரும்.

கேள்வி: டீசலில் துடைத்தால் சைக்கிள் புதுசு போல மின்னுகிறதே, அதையே செய்யலாமா?
— வாசகர், திண்டுக்கல்

அது மின்னுவது எண்ணெய்ப் படலம். மறுநாளே புழுதி ஒட்டும். டீசல் ஸ்டிக்கரின் பசையை இளக்கும், டயர் ரப்பரை உப்பவைக்கும், ரிம்மில் பட்டால் பிரேக் போகும். பிசுக்கு எடுக்க ஓரிடத்தில் பயன்படுத்தினாலும் பிறகு ஷாம்பு நீரால் கழுவிவிட வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் கருப்பு ஹெர்குலஸ் சைக்கிள் இருக்கிறது. ராட் பிரேக், 28 அங்குலச் சக்கரம், ஃபிரேமில் தங்க நிறக் கோடு. பெயின்ட் மங்கிச் சாம்பல் பூத்திருக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் (மேல்தோலைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டு மின்னவைக்கலாமா, அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

இரண்டையும் உடனே செய்துவிடாதீர்கள். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தமிழ்நாட்டுக்குத் தந்த வண்டிகளில் ஹெர்குலஸும் ஒன்று. அந்தத் தங்கக் கோடு போய்விட்டால் திரும்ப வராது. மங்கலாக இருந்தாலும் பழைய பெயின்ட்டுக்கு இருக்கிற மதிப்பு புதுப் பெயின்ட்டுக்கு இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

சீட்டுக்கு அடியில், யாரும் பார்க்காத ஓரிடத்தில் ஈர வெள்ளைத் துணியால் நாலு தடவை தேயுங்கள். துணி கருப்பானால் மேலே வார்னிஷ் பூச்சு இல்லை, நீங்கள் தேய்ப்பது பெயின்ட்டையேதான் என்று பொருள். அந்த வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சாம்பல் பூத்தது வெயிலிலும் காற்றிலும் இற்றுப்போன மேல்தோல். அதை மட்டும் எடுத்தால் அடியில் கருப்பு இருக்கும். கார் கடைகளில் கிடைக்கிற மிருதுவான கிளீனர் பாலிஷை முதலில் போட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு நீளவாக்கில் தேய்த்து, நிறம் திரும்பியதும் நிறுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் ரப்பிங் காம்பவுண்ட், அதுவும் மிக மெல்லிய ரகம். தங்கக் கோடு, கம்பெனி முத்திரை, பெயர் எழுத்து ஆகியவற்றின் மேல் காகித மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு செய்ய வேண்டும். டேப்பை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஒரு நாள் விட்டால் எடுக்கும்போது எழுத்தும் கூடவே வரும். கோட்டின் மேல் வெறும் வேக்ஸை விரல் நுனியால் தொட்டு வைத்தால் போதும்.

முன்னால் இருக்கிற முத்திரைத் தகடு பித்தளையாக இருந்தால் பித்தளைப் பாலிஷைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் எடுத்து மேட்டுப் பகுதியில் மட்டும் தேயுங்கள். புளி போட்டு மொத்தமாகத் தேய்த்தால் பள்ளத்தில் இருக்கிற வண்ணமும் சேர்ந்து போய்விடும்.

பெயின்ட் சில்லு தெறித்து இரும்பு தெரிகிற இடங்களை 400 நம்பர் எமரி தாளால் சிறிதாகத் துரு நீக்கி, கருப்பு எனாமலைப் பல் குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தபின் வேக்ஸ். ராட் பிரேக்கின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆட்டிவிடுங்கள். அதன் கட்டை ரிம்மின் உள்வட்டத்தில் படும். எனவே வேக்ஸ் படக்கூடாத இடம் உங்கள் வண்டியில் அதுதான். தோல் சீட்டாக இருந்தால் தண்ணீரில் நனைக்காமல் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். தோல் ஊறினால் நடுவில் தொங்கிப்போகும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் வெள்ளை சைக்கிளில் கறையாகிவிட்டது. எப்படி எடுப்பது?
— வாசகி, விருதுநகர்

காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாதீர்கள். நனைத்த பஞ்சை அதன் மேல் பத்து நிமிடம் வைத்தால் ஊறித் தானாக வரும். குங்குமச் சிவப்பு தங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். அதற்கும் போகாதது மிருதுவான பாலிஷில் போகும். அடுத்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் வேக்ஸ் பூசிவிட்டு அதன் மேல் பொட்டு வையுங்கள், மூன்றாம் நாள் துடைத்துவிடுங்கள். சக்கரம் ஏற்றி நசுக்கிய எலுமிச்சம்பழச் சாறு ரிம்மிலும் ஸ்போக்கிலும் தெறித்திருந்தால் அன்றே கழுவ வேண்டும்.

கேள்வி: கியர், டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சுத்தம் செய்யலாமா? மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) ஃபிரேம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், சென்னை

கேபிள் டிஸ்க் பிரேக் என்றால் கவிழ்க்கலாம், ஹேண்டிலுக்கு அடியில் துணி வையுங்கள். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) என்றால் கவிழ்க்காமல் சுவரில் சாய்த்தே செய்யுங்கள். எண்ணெய்க்கலத்தில் சிறிது காற்று இருந்தால் குழாய்க்குள் ஏறி, லீவர் ஸ்பாஞ்ச் போல அமுங்கும்.

டிஸ்க்கை விரலால் தொடாதீர்கள். அதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தவிர வேறெதுவும் கூடாது. செயினுக்கு எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், அதன் சாரல் டிஸ்க்கில் படிந்தால் டிஸ்க்கைப் பிடிக்கிற பேடு வீணாகும். பலர் கேட்கிற டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டவும் துரு இளக்கவும் நல்லது, அதன் பெயரே நீர் விரட்டி என்பதன் சுருக்கம்தான். செயினுக்கு நிலைத்து நிற்கிற எண்ணெயாக அதை நம்ப முடியாது.

பின்பக்க கியர் மாற்றியில் இரண்டு சின்னப் பல்சக்கரம் இருக்கும். அவற்றில் கருப்பு வளையமாகப் படிந்த பிசுக்கை ஸ்க்ரூடிரைவரால் ஒற்றிப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினால் சுருள் சுருளாக உரிந்து வரும். செயின் சுத்தமானதும் அளந்து பாருங்கள். 24 கணுவின் நீளம், செயின் ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடுவரை, சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் கியர் பற்களையும் தேய்த்து அதற்கும் சேர்த்துச் செலவு வைக்கும். கியரில்லாத சைக்கிளில் எட்டில் ஒரு அங்குலம் வரை பொறுக்கலாம்.

மேட் ஃபிரேமுக்கு வேக்ஸ், காம்பவுண்ட் எதுவும் வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் மினுங்கித் திட்டாகும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது. ஷாம்பு நீர், பிறகு காய்ந்த துணி, அவ்வளவுதான்.

கேள்வி: சுத்தம் செய்யும்போது ஃப்ரீவீலுக்குள் நிறைய கிரீஸ் அடைத்தேன். இப்போது சில நேரம் மிதித்தால் பெடல் சும்மா சுற்றுகிறது, வண்டி நகர்வதில்லை. ஃப்ரீவீல் போய்விட்டதா?
— வாசகர், திருவண்ணாமலை

போகவில்லை, ஆனால் அதை ஓட்டாதீர்கள். திடீரென்று பெடல் வழுக்கினால் எழுந்து மிதிக்கிறவர் முன்னால் விழுவார். ஃப்ரீவீலுக்குள் இரண்டு சின்ன நாக்குகள் மெல்லிய ஸ்பிரிங்கில் எழும்பி நிற்கும். அவை பல்லில் மாட்டினால்தான் சக்கரம் சுற்றும், மிதிக்காமல் உருளும்போது வருகிற கிட்கிட் சத்தமும் அவற்றுடையதுதான். கெட்டிக் கிரீஸ் அவற்றை ஒட்டிப் பிடித்து எழும்பவிடாமல் செய்கிறது.

சைக்கிளை ஃப்ரீவீல் மேலே வரும்படி படுக்கவையுங்கள். ஹப்பைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, வெளிவளையத்துக்கும் உள்வட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சிரிஞ்சால் 5 மில்லி மண்ணெண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாக முப்பது நாற்பது சுற்றுங்கள். கரைந்த கிரீஸ் பின்பக்கமாக ஒழுகும், துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். கிட்கிட் சத்தம் தெளிவாகத் திரும்பியபின் ஒரு மணி நேரம் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஐந்தாறு சொட்டு விடுங்கள். சத்தம் கொஞ்சம் மட்டுப்படும். சுவரோரம் வண்டியை நிறுத்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்திப் பாருங்கள். பத்துத் தடவையில் ஒன்றில் வழுக்கினாலும் நாக்கோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது, ஃப்ரீவீலை மாற்றச் சொல்லுங்கள்.